பழம் பியானோவும் அதனைச் செய்தோரும்

நூலொன்றை ஆக்கியோன் ஒருவன். அதனை ஏட்டிற் பெயர்த்தெழுதியோன் மற்றொருவன். பழஞ்சுவடிகளின் இறுதியிற் காணப்படும் பெயர் பெரும்பாலும் பெயர்த்தெழுதியோன் பெயரே. ஆக்கியோன் பெயர் அங்கு இல்லாது போதலும் உண்டு. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எம்மனோர்க்கு முதலாண்டிலேயே ஆசிரியர் உணர்த்தும் பாடம் இது. குறுந்தொகைப் பாட்டுக்களைப் பாடிய புலவருட் சிலரின் இயற்பெயர் முன்னோர்க்குக் கிடைத்திலது. அவர்தம் பாட்டிற் பயின்ற அழகிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடுமுன்றிலார் என்றும் அவர்கள் குறித்துவைத்தனர். பெயர் தெரியாவிடத்துப் புகழ்பெற்றார் ஒருவர் பெயரை ஒட்டிவிடாது, செய்த பொருளிலிருந்தே பெயர் எடுத்த அவர்தம் நேர்மை போற்றத்தக்கது. எல்லாரும் அங்ஙனம் செய்திலர். பிற்காலத்து மருத்துவ நூல்கள் பல அகத்தியர் பெயரைச் சுமந்து நிற்கின்றன. பல காலத்துப் பாடல்கள் ஒளவையார் பெயரோடு வழங்குகின்றன. பெரும்பெயரின் நிழலில் ஒதுங்கும் இவ்வியல்பு நூல்கட்கு மட்டும் உரியதன்று. மரத்தாலும் இரும்பாலும் இயன்ற கருவிகட்கும் உண்டு என்பதைச் சென்ற ஆண்டில் யாம் கண்டறிந்தோம். அதனை ஈண்டு எடுத்துரைப்பாம்.

எம் கல்லூரி இசையறையின் வடபுறச் சுவரை ஒட்டிப் பழைய பியானோ ஒன்று நிற்கின்றது. பியானோ இருவகைப்படும். தந்திகள் கிடையாக விரிக்கப்பட்டு, பறவையின் சிறகுபோல் நீண்டு கிடப்பது ஒருவகை. தந்திகள் செங்குத்தாக நிறுத்தப்பட்டு, அலமாரி போலச் சுவரோடு ஒட்டி நிற்பது மற்றொரு வகை. இடம் சுருங்கிய இல்லங்கட்கும் பள்ளிகட்கும் ஏற்றது பின்னதே. எம் கருவியும் அவ்வகையினது. கறையான் ஏறாதவாறு அதன் கால்கள் நீர்வார்த்த கற்கிண்ணங்களில் நிற்கின்றன. வெள்ளைக் கட்டைகள் ஐம்பதும் கறுப்புக் கட்டைகள் முப்பத்தைந்துமாக 85 கட்டைகள் உடையது. அவற்றுட் பதினேழு இன்று வாய் திறப்பதில்லை. கட்டைகளை மூடும் பலகையின் உட்புறத்தில், சென்னை வணிகர் ஒருவரின் பெயர் பொன்னெழுத்துக்களாற் பொறிக்கப்பட்டுள்ளது. மின்விசையால் இயங்கும் சிறு கருவி வந்தபின்னர், இப்பெருங்கருவி பூச்சாடி தாங்கும் மேடையாயிற்று.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் பழம்பொருள் வாங்குவோர் ஒருவர் வந்து இதனைச் சுற்றிப் பார்த்தார். "இது இலண்டன் மாநகரத்துப் பிராட்வுட் கம்பெனியார் செய்தது என்று கல்லூரியார் எழுதித் தருவாராயின் பெருந்தொகை தருவேன், இன்றேல் மரத்தின் விலையே தர இயலும்" என்றார். பழைய மாணவர் பலர் அக்கம்பெனியின் பெயரையே வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். வரும் பொருளை ஏழை மாணவர் உதவி நிதியிற் சேர்ப்பதென ஆட்சிக் குழுவினர் எண்ணியிருந்தனர். முதல்வர் அவர்கள் எம்முள் மூவரை அழைத்து, "சுவடியின் ஆசிரியரை ஆராய்வோர் இதன் ஆசிரியரையும் ஆராயலாமே; உண்மையைக் கண்டு எழுதித் தருக" எனப் பணித்தார். அந்நிதியின் துணையாற் பயில்வோர் ஒருவர் எம் மூவருள்ளும் இருந்தார் என்பதையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும்.

பிராட்வுட் என்னும் பெயர் எளியதன்று. ஸ்விட்சர்லாந்து நாட்டினின்று இலண்டனுக்கு வந்த ஷூடி என்னும் கம்மியர் 1728ஆம் ஆண்டளவில் தொடங்கிய பட்டறையில், 1761இல் வந்து சேர்ந்தவர் ஜான் பிராட்வுட் என்னும் ஸ்காத்லாந்துத் தச்சர். அவர் பின்னர் ஷூடியின் மருகராகித் தொழிலையும் ஏற்றார். 1817ஆம் ஆண்டின் இறுதியில் அக்கம்பெனியார் பீத்தோவனுக்குப் பரிசாக அனுப்பிய பியானோ, இன்று புடாபெஸ்ட் நகரத்து ஹங்கேரிய தேசியக் காட்சிசாலையில் உள்ளது. அவர்கள் எழுதிவைத்த கணக்கேடுகள் இங்கிலாந்தின் சரே மாவட்டத்து ஆவணக் காப்பகத்திற் பேணப்படுகின்றன. எண்ணும் நாளும் பெற்றோர் பெயருமாக இவ்வளவு தெளிவாகத் தம் கருவிகளின் வரலாற்றை விட்டுச் சென்றோர் சிலரே. ஆதலின் ஒரு கருவி பிராட்வுட் கருவியாயின் அதனை மெய்ப்பித்தல் அரிதன்று. அஃது அன்றாயின் அங்ஙனம் கூறுதல் எளிதன்று.

பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் முதியவர் ஒருவரை எம் நகரில் தேடிக் கண்டோம். ஐம்பதாண்டுகளாக ஆலயங்களிலும் இல்லங்களிலும் அத்தொழிலைச் செய்து வருபவர் அவர். பொன்னெழுத்தை யாம் காட்டியபோது அவர் நகைத்து, "தம்பிகளே, முகத்தில் எழுதியிருப்பது விற்றவர் பெயர். பெற்றவர் பெயர் வயிற்றுக்குள்ளே இருக்கும்" என்றார். உடனே முன்பலகையைக் கழற்றிச் சுவரிற் சாய்த்து வைத்தார்.

அவர் கூறியதன் பொருள் இது. ஐரோப்பியப் பட்டறைகள் பல, பெயரெழுதாத பியானோக்களை மொத்தமாகச் செய்து வணிகர்க்கு விற்றன. வணிகர் தத்தம் பெயரை அவற்றின் முகப்பிற் பொறித்துக்கொண்டனர். இது வஞ்சகமன்று; அந்நாளைய வணிக வழக்கு. வாங்குவோர்க்கும் பழுது நேர்ந்தால் முறையிடுதற்கு அருகிலுள்ள வணிகர் பெயரே பயன்பட்டது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, விற்றவர் பெயரே செய்தவர் பெயராக நிலைத்துவிடும். அதுவும் மங்கியபின் யாரேனும் ஒரு பெரும்பெயரைச் சொல்லுவர். ஏடு பெயர்த்தோன் ஆசிரியனாவதும், ஆசிரியன் அகத்தியனாவதும் இவ்வாறே.

உள்ளே கண்டவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டோம். இருநூற்றுக்கு மேற்பட்ட எஃகுத் தந்திகள் ஒருங்கே இழுக்கும் விசை பதினைந்து டன்னுக்கும் மேற்பட்டது. அதனை மரம் தாங்காதாதலின் வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று உள்ளே நிற்கின்றது. சதுரப் பியானோவிற்கு அத்தகைய சட்டத்தை ஒரே வார்ப்பாக அமைக்கும் முறைக்கு 1825ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர், பாஸ்டன் நகரத்து ஆல்ஃபியஸ் பாப்காக் என்பவர். எம் கருவியின் சட்டமும் ஒரே வார்ப்பு. மந்தத் தந்திகள் ஏனைத் தந்திகளின் மேற் குறுக்காகச் சாய்ந்து செல்கின்றன. ஒலியை அடக்கும் கம்பளித் துண்டுகள் சுத்தியல்களுக்குக் கீழே அமைந்துள்ளன. பழைய ஆங்கிலப் பட்டறைகளின் நிமிர்ந்த பியானோக்கள் பலவற்றில் இவை சுத்தியல்களுக்கு மேலே இருக்கும். அவற்றை இயக்கும் கம்பிகள் முன்புறத்திற் கிளிக்கூண்டின் கம்பிகள் போல் வரிசையாக நிற்கும். "இது இங்கிலாந்துக்காரன் கை போலத் தோன்றவில்லை" என்று முதியவர் தலையசைத்தார்.

சட்டத்தின் மேல்மூலையில் ஐந்து இலக்கம் கொண்ட எண் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. எண்ணைக் கொண்டு ஆண்டை அறியலாமே என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவோம். ஒவ்வொரு பட்டறையும் தன் முதற் கருவியிலிருந்து தனித்தனியே எண்ணி வந்தது. பட்டறையின் பெயர் தெரிந்தால், அதற்குரிய அட்டவணையைப் பார்த்து ஆண்டை உரைக்கலாம். பெயர் தெரியாத எண்ணோ, கலியோ சகமோ கொல்லமோ எனச் சொல்லாது வெட்டப்பட்ட கல்வெட்டின் ஆண்டெண் போல்வது. எண் உண்டு, அதனை எங்கிருந்து எண்ணுவது என்பது இல்லை. சுத்தியற் பொறியிலும் ஒரு முத்திரை இருந்தது. ஆனால் அப்பொறிகளை மட்டும் செய்து பல பட்டறைகட்கும் விற்ற தனித் தொழிற்சாலைகள் இருந்தனவாதலின், அம்முத்திரை கருவி முழுவதையும் செய்தவரைக் காட்டாது.

சட்டத்தின் அடிப்பகுதியிற் படிந்திருந்த தூசியைத் துடைத்தபோது, 'ஜெர்மனியிற் செய்யப்பட்டது' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துக்கள் வார்ப்பிலேயே புடைத்து நின்றன. இவ்வெழுத்துக்கட்கு ஒரு வரலாறு உண்டு. அயல்நாட்டுப் பொருள்கள் ஆங்கிலப் பொருள்கள் போலத் தோற்றங்காட்டி விற்கப்படுவதைத் தடுக்க, பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1887ஆம் ஆண்டில் வணிகக் குறிச் சட்டத்தை இயற்றிற்று. 1889இல் இந்தியாவிலும் அத்தகைய சட்டம் வந்தது. ஜெர்மானியப் பொருளை இழிவுபடுத்த எழுதுவிக்கப்பட்ட அச்சொற்கள், நாளடைவில் தரத்தின் சான்றாகவே மாறின என்பர். எமக்கு அவை காட்டியவை இரண்டு: கருவி இலண்டனிற் பிறந்ததன்று, அச்சட்டத்தின் பின்னரே அது விற்பனைக்கு வந்திருத்தல் வேண்டும்.

அவ்வெழுத்துக்கட்குச் சற்று மேலே, சட்டத்தின் நடுவில், மூன்று விரல் அகலத்திற்கு இரும்பு வழவழவென்றிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். அங்குப் புடைத்து நின்ற எழுத்துக்களை அரத்தால் அராவி, அதன்மேற் பொன்வண்ணம் பூசியிருந்தனர். வரியின் கடைசிச் சொல் மட்டும் முழுதும் தேயாது எஞ்சியிருந்தது. விரலால் தடவி எழுத்துக்கூட்டினோம்: 'பெர்லின்' என்று இருந்தது. அதற்கு முன்னிருந்த பெயர், செய்தோரின் பெயர், இல்லை.

காலத்தால் தேய்ந்த பெயரை யாம் பல சுவடிகளிற் கண்டதுண்டு. கையால் அழிக்கப்பட்ட பெயரை அன்றுதான் கண்டோம். யார், எப்போது, எதற்காக அழித்தார்? கல்லூரி அலுவலகத்தின் பழங்கணக்குகளைப் பார்க்க இசைவு பெற்று, மூன்று மாலைப் பொழுதுகளை அவற்றிற் கழித்தோம். 1911ஆம் ஆண்டு ஜூலை மாதக் கணக்கில் 'பியானோ ஒன்று' என்னும் பதிவு இருந்தது. 1915ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கணக்கில், 'பியானோ வகையிற் கொல்லனுக்குக் கூலி' என ஒரு ரூபாய் நாலணா எழுதப்பட்டிருந்தது. பியானோவிற்குச் சுருதி சேர்ப்போர் வருவர், தச்சர் வருவர், கொல்லர் வருதற்குக் காரணம் வேறொன்றும் எமக்குப் புலப்படவில்லை.

அந்நாளை எண்ணிப் பார்க்குமிடத்துக் காரணம் விளங்கும். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில், எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்த் தொட்டிகளின்மேற் குண்டு பொழிந்தது. நகர மக்கள் பலர் அஞ்சி ஊர்ப்புறங்கட்கு ஓடினர். அக்கப்பலின் பெயர் இன்றும் எம் மக்கள் வாயில், அடாத செயலையும் துணிந்து முடிப்பவனைக் குறிக்கும் சொல்லாக வழங்குகின்றது. அந்நாளில் ஜெர்மானியப் பெயரெல்லாம் பகைவர் பெயராயின. இலண்டனிலும் இதுவே நிகழ்ந்தது. பெர்லினைச் சேர்ந்த பெக்ஸ்டைன் என்னும் பியானோக் கம்பெனியார் 1901இல் அங்குத் திறந்த இசையரங்கம், போர்க்காலத்திற் பறிமுதலாகி விற்கப்பட்டு, 1917இல் விக்மோர் அரங்கம் என்னும் புதுப்பெயரோடு மீண்டும் திறக்கப்பட்டது. அரங்கத்திற்குப் பெயர் மாற்றினர். எம் கருவிக்குப் பெயரை அராவினர்.

இதிற் கிறிஸ்தவராகிய எம்மை வருத்துவது ஒன்றுண்டு. தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டில் வந்திறங்கிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டளித்த சீகன்பால்கு ஐயர் ஜெர்மானியர். வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்ததோடு, ஜெர்மானியப் பாட்டுக்கள் பலவற்றை அவற்றின் இராகத்திற்கு இசையத் தமிழில் ஆக்கித் தந்த பப்ரிசியுஸ் ஐயரும் ஜெர்மானியர். எம் பாட்டிமார் அப்பாட்டுக்களை வேற்றுநாட்டு இசையென்று எண்ணியதே இல்லை. மண்வாசனை ஏறிய தம் பாட்டாகவே பாடினர். அங்ஙனம் இருந்தும், 1915, 1916ஆம் ஆண்டுகளில் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியக் குருமார் தமிழ்நாட்டை விட்டு அனுப்பப்பட்டனர். சுவீடன் நாட்டார் அவர்தம் பணியைத் தாங்கினர். 1919ஆம் ஆண்டில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தோன்றிற்று. அக்காலத்தில் எம் கல்லூரியில் இப்பியானோவும் இருந்தது. பெயர் அராவப்பட்ட அதன் முன் நின்றே ஜெர்மானிய இராகத்திலமைந்த தமிழ்ப் பாட்டுக்களை எம் முன்னோர் பாடியிருப்பர். அராவச் சொன்னவரும் அவருள் ஒருவராக நின்று பாடியிருக்கலாம். அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. அச்சம் நல்லாரையும் அரம் எடுப்பிக்கும்.

முதியவர் வந்த இரண்டாம் நாளில், தூசி நீக்குதற்காகக் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். இடப்புறத்தின் முதற் கட்டையை விளக்கருகே பிடித்து எம்மை அழைத்தார். வெளியே தெரியாத அதன் மரப்பக்கத்திற் பென்சிலால் இரண்டு முதலெழுத்துக்களும், அவற்றினருகே 9.3.10 என்னும் எண்களும் எழுதப்பட்டிருந்தன. தொழிலாளர் தாம் முடித்த வேலையில் இங்ஙனம் குறியிடுதல் உண்டென்று அவர் விளக்கினார். 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒன்பதாம் நாள் பெர்லின் நகரத்துப் பட்டறையொன்றில் ஒரு கம்மியர் இக்கட்டைகளைப் பொருத்தி முடித்து, யாரும் காணாவிடத்தில் தம் குறியை இட்டனர். அடுத்த ஆண்டின் நடுவில் கருவி எம் கல்லூரியை அடைந்துள்ளது. இரு பதிவுகளும் ஒத்தன. வணிகர் பெயர் பொன்னில் நின்றது. பட்டறையின் பெயர் இரும்பில் நின்று அழிந்தது. தொழிலாளியின் குறியோ வெறும் பென்சிலில் எழுதப்பட்டும், மறைந்திருந்தமையால் நூறாண்டுக்குமேல் தப்பியது. ஆசரிப்புக் கூடாரத்தின் வேலையைச் செய்த பெசலெயேலையும் அகோலியாபையும் யாத்திராகமம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதன் அருமை அன்றுதான் எமக்கு நன்கு புலனாயிற்று.

இனி எழுதித் தரவேண்டிய நாள் வந்தது. விடுதியில் எம் நண்பர் சிலர் எம்மோடு வாதிட்டனர். "பிராட்வுட் என்று நீங்கள் எழுத வேண்டா, பெர்லின் என்றும் எழுதாது விடுங்கள். உறுதியாக ஒன்றும் தெரியவில்லை என்றால் வாங்குவோர் தாமே முடிவு செய்துகொள்வார். அப்பணத்தால் நான்கு மாணவர் ஓராண்டு படிக்கலாமே" என்றனர். அச்சொல் எளிதில் தள்ளத்தக்கதன்று. நிதியாற் பயிலும் எம் நண்பர்தாம் அதற்கு விடை கூறினார்: "என் படிப்பிற்காக ஒரு பொய்யை நிறுத்தினால், நாளை நான் எந்தச் சுவடியை நேர்மையோடு பதிப்பிப்பேன்?"

பொய்ப்பெயர் யாருக்கும் தீங்கு செய்யாதென்று எண்ணுவோர் மயோர்க்காத் தீவின் கதையை அறிதல் நன்று. 1838ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும், ஷோப்பன் என்னும் இசைப் பேரறிஞர் அத்தீவில் வல்டெமோசா என்னும் ஊரின் பழைய துறவிமடத்தில் தங்கினார். அவருக்காகப் பாரிஸ் நகரத்துப் பிளெயல் கம்பெனியார் செய்த சிறிய நிமிர்ந்த பியானோ கடல்கடந்து வந்தது. பிற்காலத்தில் அம்மடத்தின் இரண்டு அறைகளில் இரண்டு பழம் பியானோக்கள் அவருடையனவாகக் காட்டப்பட்டன. உலகெங்குமிருந்து வந்தோர் இரண்டின் முன்னும் நின்று உருகினர். வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. இரண்டனுள் ஒன்று ஷோப்பன் தீவைவிட்டுச் சென்றபின்னரே செய்யப்பட்டதென 2011ஆம் ஆண்டிற் தீர்ப்பாயிற்று. அக்கருவி செய்த குற்றம் யாது? அதனையும் ஒரு கம்மியர் தம் கைத்திறன் முழுதும் காட்டிச் செய்தார். பிறர் பெயரைச் சுமத்தியதால், தன் பெயரால் மதிக்கப்படும் பேறு அதற்கு இல்லாது போயிற்று. பொய்ப்புகழ் பெற்றவரை உயர்த்துவதில்லை. உண்மையாகச் செய்தவரை இரண்டாம் முறையும் அழிக்கின்றது. ஒருமுறை அரத்தால் அழிந்த பெயரை மற்றொருமுறை எழுதுகோலால் அழிக்க யாம் உடன்பட்டிலோம்.

கண்டது கண்டபடி நான்கு பக்கங்களில் எழுதிக் கொடுத்தோம். ஆட்சிக் குழுவினர் அதனை அவ்வாறே வாங்குவோர்க்கு அனுப்பினர். அவர் முன் கூறிய தொகையில் ஐந்திலொன்றே தர இசைந்தார். குழுவினர் விற்பனையைக் கைவிட்டனர். நிதிக்கு வரவேண்டிய பொருள் வரவில்லை. அக்குறை இன்னும் நிரம்பவில்லை. உண்மை கூறியதற்கு உடனே பரிசு கிடைத்ததென எழுத எமக்கும் ஆசைதான், நிகழ்ந்தது அஃதன்று. முதியவர் மட்டும் கூலி பெறாது இருமுறை வந்து, பூச்சியரித்த கம்பளிகளிற் சிலவற்றை மாற்றி, ஊமைக் கட்டைகளுள் ஆறனைப் பேசச் செய்துள்ளார். பூச்சாடி வேறிடம் பெயர்ந்தது.

கருவியின் முன்பலகைக்குப் பின்னே இப்போது ஓர் அட்டை உள்ளது. "பெர்லின் நகரிற் செய்யப்பட்டது. 1910ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் ஒரு கம்மியர் இதிற் குறியிட்டார். 1911இல் இக்கல்லூரிக்கு வந்தது. பட்டறையின் பெயர் அராவப்பட்டுள்ளது" என்று எழுதி, சட்டத்தின் எண்ணையும் குறித்துள்ளோம். அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கின்றோம். 1911க்கும் 1915க்கும் இடையில் இங்குப் பயின்றோரின் மக்களும் பெயரரும் இவ்விதழைப் படிப்பர். அவர்தம் இல்லங்களில், முன்பலகை திறந்த நிலையில் இப்பியானோ தோன்றும் பழைய புகைப்படமோ, அதனைக் குறிக்கும் கடிதமோ இருப்பின், கல்லூரி முகவரிக்கு அனுப்பியுதவ வேண்டுகின்றோம். அப்பெயர் ஒன்று கிடைக்குமாயின், எண்ணை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பிறவற்றைக் காணுதல் எளிது. எழுத வேண்டிய வரி காத்திருக்கின்றது.